காற்பங்குக் குடிகளின் கட்சி: சிரியாவின் அரபு சோசலிசக் கட்சியை எப்படி மதிப்பிடுவது?

1950 ஜனவரியில் சிரியாவில் ஒரு கட்சி தொடங்கப்பட்டது. 1952 இறுதியில் அது வேறொரு கட்சியோடு இணைந்தது. தன் பெயரிலிருந்து ஒரு சொல்லை மட்டும் அந்தக் கட்சிக்குக் கொடுத்துவிட்டுத் தனிக் கட்சி என்ற நிலையை இழந்தது. மூன்றாண்டுகூட முழுதாக வாழாத இந்த அரபு சோசலிசக் கட்சியைப் பற்றி எழுபது ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதைத் தொடங்கியவர் ஹமா நகரத்து வழக்கறிஞர் அக்ரம் ஹவ்ரானி. அது கொடுத்த சொல் ‘சோசலிச’. பெற்றுக்கொண்டது, பின்னாளில் சிரியாவையும் இராக்கையும் பல பத்தாண்டுகள் ஆண்ட பாத் கட்சி.

அரசியலில் இந்தச் சிறிய கட்சியின் இடம் என்ன என்ற கேள்விக்கு ஒன்றுக்கொன்று ஒட்டாத விடைகள் கிடைக்கின்றன. அரபு உலகில் உழவரை அரசியலுக்குள் அழைத்துவந்த முதல் கட்சி என்கிறார்கள் சிலர். ஒரு மனிதரின் ஊர்ச் செல்வாக்குக்கு வைத்த பெயர்ப்பலகை என்கிறார்கள் வேறு சிலர். பாத் கட்சிக்கு வேர் தந்தது இதுதான் என்பது ஒரு வாதம். அக்கட்சியைப் படைமுகாமுக்குள் இழுத்துச் சென்றது இதுதான் என்பது இன்னொரு வாதம். ஒவ்வொரு விடையும் எங்கிருந்து வந்தது, எங்கே வலுவிழக்கிறது என்று பார்ப்பது இக்கட்டுரையின் வேலை.

களத்துமேட்டில் பிரிந்த நான்கு பங்கு

எந்த விடையை எடுத்தாலும் ஹமாவின் நிலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நகரின் நடுவே ஆஸி ஆறு ஓடுகிறது. ஐரோப்பிய நூல்கள் ஒரோண்டஸ் என்று குறிப்பது இதைத்தான். ஆஸி என்றால் அடங்காதவன் என்று பொருள். வட்டாரத்தின் மற்ற ஆறுகளைப் போலன்றி வடக்கு நோக்கி ஓடுவதால் வந்த பெயர் என்பார்கள். கரையில் நோரியா எனப்படும் மரச்சக்கரங்கள் நிற்கின்றன. மிகப் பெரியதன் விட்டம் சுமார் 20 மீட்டர். ஆற்று நீரின் விசையிலேயே சுழன்று, நீரை மொண்டு, கல் வாய்க்காலில் ஊற்றி, தோட்டங்களுக்கும் நகரத்துக்கும் அனுப்பியவை இவை. நகரத்துக்கு வெளியே இருந்த பெரும்பாலான ஊர்கள் மழையை நம்பிக் கோதுமையும் பார்லியும் பயிரிட்டன.

அந்த ஊர்களில் மிகப் பலவற்றின் உரிமை நகரத்தில் வாழ்ந்த சில குடும்பங்களின் கையில் இருந்தது. பராசி, அஸ்ம், கைலானி ஆகிய பெயர்கள் ஹமாவின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. உழவர் பலரும் ‘முராபி’ என்ற முறையில் பயிரிட்டார்கள். காற்பங்குக்காரர் என்பதே அச்சொல்லின் பொருள். நிலம், விதை, உழவு மாடு, கலப்பை எல்லாம் நிலப்பிரபுவுடையவை. குடியானவர் கொண்டுவருவது உடலுழைப்பு மட்டும். கதிரடித்துத் தூற்றிய பிறகு களத்தில் கிடக்கும் தானியத்தில் நான்கில் மூன்று பங்கு நகரத்துக்குப் போகும். மிஞ்சும் காற்பங்கிலும் முன்கடன் கழிக்கப்படும். கடன் தீராதவர் நிலத்தை விட்டுப் போக முடியாது. தீர்ந்தவருக்கோ போக இடம் கிடையாது.

1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த நிலை மேலும் மோசமானது. கொரியப் போரால் உலகச் சந்தையில் பருத்தி விலை ஏறியது. சிரியாவின் வடக்கிலும் ஆஸி ஆற்றுப் படுகையிலும் பருத்திச் சாகுபடி பரவியது. டிராக்டர் வந்தது, இறவைப் பம்பு வந்தது. ஒரு டிராக்டர் உழும் நிலத்துக்கு அத்தனை வாரக்குடிகள் தேவைப்படவில்லை. ஆகவே அந்த ஆண்டுகளின் உழவர் கோபத்தைப் பழைய கொடுமைக்கு எதிரான எழுச்சி என்று மட்டும் படிப்பது போதாது. புதிதாக வந்த வளம் தங்களை வெளியே தள்ளுகிறது என்ற அச்சமும் அதில் கலந்திருந்தது. கட்சியின் தோற்றத்தை விளக்குவோர் பலர் இந்த இரண்டாவது காரணத்துக்குத் தகுந்த இடம் தருவதில்லை.

கட்சியா, ஒருவரின் செல்வாக்கா?

ஒருவரின் செல்வாக்குதான் என்ற விடை பழையது. ஹவ்ரானியின் எதிரிகளும், 1950களில் டமாஸ்கஸில் இருந்த வெளிநாட்டுத் தூதரகத்தாரும் சொன்னது அது. பிறகு அவரைச் சந்தர்ப்பவாதி எனக் கருதிய எழுத்தாளர்களும் அதையே சொன்னார்கள்.

இந்த விடைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. கட்சிக்கு முன்னோடியான இளைஞர் கட்சியை 1930களின் இறுதியில் ஹமாவில் தொடங்கியவர் ஹவ்ரானியின் உறவினர் உஸ்மான் ஹவ்ரானி. அக்ரம் அதன் தலைமைக்கு வந்தார். அதற்கு முன் கொஞ்ச காலம் அவர் இருந்தது சிரிய சமூகத் தேசியவாதக் கட்சியில். அந்தக் கட்சி அரபு தேசியத்தையே ஏற்காதது. 1941இல் இராக்கில் ரஷீத் அலி கைலானி பிரிட்டனை எதிர்த்தபோது அங்கே சென்றார். 1943இல் ஹமாவிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். 1949இல் சிரியா மூன்று ஆட்சிக் கவிழ்ப்புகளைக் கண்டது: மார்ச்சில் ஹுஸ்னி ஸயீம், ஆகஸ்டில் சாமி ஹின்னாவி, டிசம்பரில் அதீப் ஷிஷக்லி. மூன்று முறையும் அதிகாரத்துக்கு அருகில் ஹவ்ரானி பெயர் அடிபட்டது. ஹின்னாவி காலத்தில் வேளாண் அமைச்சர். ஷிஷக்லியின் கவிழ்ப்புக்குப் பின் அமைந்த அரசில் பாதுகாப்பு அமைச்சர். ஷிஷக்லி அவருடைய சொந்த ஊர்க்காரர், இளமைக்கால நண்பர். கட்சி தொடங்கப்பட்டதே ஹவ்ரானி அமைச்சராக இருந்த நாளில்தான்.

இந்தப் பட்டியலை மட்டும் பார்ப்பவர், கொள்கை இல்லாத ஓர் அரசியல்வாதியைத்தான் காண்பார். ஆனால் பட்டியலில் வராத ஒன்று உண்டு. இத்தனை கூட்டாளிகள் மாறியபோதும் ஹமாவின் நிலக்கேள்வியில் அவர் நிலை மாறவில்லை. 1947க்கு முன் சிரியாவின் தேர்தல் இரண்டு கட்டமாக நடந்தது. ஊரார் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தத் தேர்வாளர்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பார்கள். நிலப்பிரபுவுக்கு இது வசதி, ஊரில் நாலு பேரைக் கையில் வைத்திருந்தால் போதும். நேரடித் தேர்தல் வேண்டும் என்று ஹவ்ரானியும் இளம் பாத் கட்சியினரும் போராடினார்கள். 1947 தேர்தல் நேரடியாக நடந்தது. 1950 அரசியலமைப்பில் நில உடைமைக்கு உச்சவரம்பு என்ற கருத்து இடம்பெற அவரது அழுத்தம் ஒரு காரணம். முன்பே உள்ள சொத்துகளை அது தொடாது என்ற நிபந்தனையோடுதான் அது நுழைந்தது. நுழைந்ததே அன்றைக்குப் பெரிய செய்தி.

1951 செப்டம்பரில் கட்சி அலெப்போவில் உழவர் மாநாடு கூட்டியது. அரபு நாடுகளில் இந்த வகையில் நடந்த முதல் மாநாடு இதுவே எனப் பல நூல்கள் குறிக்கின்றன. ஊர்களில் அப்போது ஒலித்த ஒரு முழக்கம் கூடையும் மண்வாரியும் கேட்டது, ஆகாவையும் பெய்கையும் புதைப்பதற்காக. ஆகா, பெய்க் என்பவை நிலப்பிரபுக்களுக்குரிய பட்டங்கள். அந்தக் கூடையும் மண்வாரியும் வாரக்குடி அன்றாடம் கையாண்ட கருவிகள். படித்தவர்களின் சோசலிச நூல்கள் தராத ஒரு மொழியை இந்த இயக்கம் ஊரிலிருந்தே எடுத்துக்கொண்டது. ஒரு மனிதரின் செல்வாக்கு மட்டும் இதைச் செய்திருக்கும் என்று நம்புவது கடினம்.

வரலாற்றாசிரியர் ஹன்னா பத்தாத்து சிரிய உழவர்களைப் பற்றி 1999இல் வெளியிட்ட பெரிய நூல் இந்த இடத்தில் முக்கியமானது. உழவரை அரசியலின் பொருளாகக் கொள்ளாமல் அரசியல் செய்வோராகக் கொண்டு ஹவ்ரானியின் இயக்கத்தை அது அணுகுகிறது. எலிசபெத் தாம்சன் 2013இல் வெளியிட்ட நூலில், மத்தியக் கிழக்கில் அரசியலமைப்புவழி நீதிக்காகப் போராடியோர் வரிசையில் ஹவ்ரானிக்கு ஓர் இயல் ஒதுக்கியிருக்கிறார். இருவரின் வாசிப்பும் பழைய விடையைத் திருத்தியது. இருப்பினும் ஒரு குறை நீடிக்கிறது. கட்சியின் உள்ளமைப்பு எப்படி இயங்கியது, ஊர்க்கிளையில் முடிவெடுத்தவர் யார், காற்பங்குக் குடி ஒருவர் கட்சிப் பொறுப்புக்கு வர முடிந்ததா என்ற கேள்விகளுக்கு விரிவான விடை இன்னும் கிடைக்கவில்லை. தலைவரைப் பற்றி நிறையத் தெரிகிறது, தொண்டரைப் பற்றி மிகக் குறைவு. செல்வாக்கு என்ற பழைய குற்றச்சாட்டு முழுதாகச் சாகாமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இணைப்பு: யாருக்கு யார் கொடுத்தது?

பாத் கட்சி 1947 ஏப்ரலில் டமாஸ்கஸில் தன் முதல் மாநாட்டை நடத்தியது. மிஷேல் அஃப்லக், சலாஹுத்தீன் பித்தார் என்ற இரு பள்ளி ஆசிரியர்கள் அதன் தலைவர்கள். மாணவரும் ஆசிரியரும் அதில் நிறைந்திருந்தார்கள். அரபு ஒற்றுமை பற்றிய உணர்ச்சிமிக்க கோட்பாடு அதனிடம் இருந்தது. வாக்கு இல்லை. ஹவ்ரானியிடம் ஹமாவின் வாக்கு இருந்தது, படை அதிகாரிகளிடையே நண்பர்கள் இருந்தார்கள். எழுத்தில் வடித்த கோட்பாடு இல்லை.

ஷிஷக்லி 1952இல் கட்சிகளைத் தடை செய்து தன் சொந்த அமைப்பைத் தொடங்கினார். பழைய நண்பர் எதிரியானார். இரு கட்சித் தலைவர்களும் லெபனானுக்குத் தப்பினார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் இணைப்பு முடிவானது. அரபு பாத் கட்சி, அரபு சோசலிச பாத் கட்சி ஆனது. 1947இல் எழுதிய பாத் கட்சியின் அமைப்பு விதிகள் ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தன. காகிதத்தில் பார்த்தால் பெயரில் ஒரு சொல் கூடியது, அவ்வளவே.

சொல் மட்டும்தான் கூடியதா? பாத் கட்சியின் பழைய தலைவர்களுக்கு நெருக்கமானோர் ஆம் என்பார்கள். சோசலிசம் 1947 விதிகளிலேயே இருந்தது, ஹவ்ரானி புதிய கருத்து எதையும் கொண்டுவரவில்லை என்பது அவர்கள் வாதம். கருத்து வரலாறாக எழுதினால் இது சரி. தேர்தல் வரலாறாக எழுதினால் சரியில்லை. ஷிஷக்லி 1954 பிப்ரவரியில் வீழ்ந்தார். அவருக்கு எதிரான கலகத்தை அலெப்போவிலிருந்து அறிவித்தவர் ஹவ்ரானிக்கு நெருக்கமான முஸ்தபா ஹம்தூன். அந்த ஆண்டு செப்டம்பரில் நடந்த தேர்தலில் 142 இடங்களில் இணைந்த கட்சிக்கு 22 கிடைத்தன என்பது பரவலான கணக்கு. ஆதரவாளர்களைச் சேர்க்காமல் எண்ணுவோர் 16 என்பார்கள். எந்தக் கணக்கிலும் ஹமாவின் பங்கு பெரிது. 1957இல் நாடாளுமன்றத் தலைவர் பதவிக்கு வந்தவரும் ஹவ்ரானிதான்.

பாட்ரிக் சீல் 1965இல் எழுதிய சிரியா பற்றிய நூல் இந்தக் காலத்தை வெளிநாட்டு வல்லரசுகளின் போட்டிக்களமாகப் படித்தது. அந்த நூலின் அழகிலேயே அதன் வரம்பும் இருக்கிறது. டமாஸ்கஸ், கெய்ரோ, பாக்தாத், லண்டன் ஆகிய நகரங்களின் அறைகளில் நடந்தவை அதில் தெளிவாகத் தெரிகின்றன. ஹமாவை அடுத்த சலமிய்யாவின் களத்துமேடு தெரியவில்லை. ஜான் டெவ்லின் 1976இல் வெளியிட்ட பாத் கட்சி வரலாறு அமைப்புச் செய்திகளில் நுட்பமானது. ஆனால் பாத் கட்சியை மையத்தில் வைத்து எழுதும் எந்த நூலிலும் இணைந்த சிறிய கட்சி ஒரு கிளைநதியாகிவிடுகிறது. அந்தக் கிளைநதிக்குத் தனியாக ஓர் ஊற்று இருந்தது என்பதை நினைவில் வைத்துத்தான் அந்த நூல்களைப் படிக்க வேண்டியிருக்கிறது.

படைமுகாமின் வாசல்

கட்சியின் மீதான குற்றச்சாட்டுகளில் மிகக் கடுமையானது படைத் தொடர்பு பற்றியது. ஹோம்ஸ் நகரத்தின் படைக் கல்லூரி ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் திறந்திருந்த மிகச் சில வாசல்களில் ஒன்று. செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் படைப் பணியை மதிக்கவில்லை. உழவர் வீட்டு இளைஞர்கள் அதில் சேர வேண்டும் என்று ஹவ்ரானி ஊக்கினார். நிலப்பிரபுவின் ஆள்பலத்துக்கும் காவல்துறைக்கும் எதிரே நிற்கக்கூடிய ஒரே அமைப்பு படை என்று அவர் கணக்கிட்டார்.

அரசியலில் படை தலையிடும் பழக்கத்தை வளர்த்தவர் அவரே என்பது பித்தார், அஃப்லக் வட்டத்திலிருந்து வந்த விமர்சனம். 1963க்குப் பிறகு கட்சியைப் படை அதிகாரிகளிடம் இழந்த அந்தத் தலைவர்களுக்கு, பழியைச் சுமத்த ஒரு பழைய கூட்டாளி தேவைப்பட்டிருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். படைக்குள் ஆள் சேர்ப்பதில் அவர்களும் பின்தங்கியிருக்கவில்லை.

ஆனாலும் குற்றச்சாட்டின் உள்ளீடு உண்மையானது. 1963 மார்ச் 8 அன்று ஆட்சியைப் பிடித்த பாத் அதிகாரிகளின் உள்வட்டம் ஹவ்ரானியின் ஆட்கள் அல்ல. சிரியாவும் எகிப்தும் ஒன்றாயிருந்த ஐக்கிய அரபுக் குடியரசுக் காலத்தில் கெய்ரோவுக்கு மாற்றப்பட்ட முகம்மது உம்ரான், சலாஹ் ஜதீத், ஹாஃபிஸ் அசாத் போன்றோர் அங்கே இரகசியமாக அமைத்த படைக்குழு அது. சலமிய்யாவைச் சேர்ந்த அப்துல் கரீம் ஜுந்தியும் அதில் இருந்தார். அவர்களில் பலர் சிற்றூர்களிலிருந்தும் சிறு நகரங்களிலிருந்தும் படைக் கல்லூரிக்குப் போனவர்கள். உழவர் வீட்டுப் பிள்ளைகள் நுழைய வேண்டும் என்று ஹவ்ரானி விரும்பிய வாசல் வழியாகத்தான் அவர்களும் வந்தார்கள். வந்தவர்கள் அவரை நாட்டைவிட்டு வெளியே வைத்தார்கள்.

ஊர்களிலேயே வேர்விட்டு நிற்கும் ஓர் உழவர் சங்கத்தை ஹவ்ரானி கட்டியிருந்தால் நிலைமை வேறாகியிருக்குமா? அரசுப் பொறுப்பில் பொது உழவர் ஒன்றியம் 1964இல்தான் உருவானது. தொடக்கம் முதலே அது கட்சிக்கும் ஆட்சிக்கும் கட்டுப்பட்டது. 1950களில் ஹவ்ரானிக்கு இருந்த மக்கள் ஆதரவைக் கொண்டு தன்னிச்சையான சங்கத்தைக் கட்ட முயன்றிருக்கலாம். அதற்கு அவர் கொடுத்த கவனம், அதிகாரிகளுடனான நட்புக்குக் கொடுத்த கவனத்தைவிடக் குறைவு. அவருடைய அரசியலில் நான் மிகப் பெரிய குறையாகக் காண்பது இதைத்தான்.

நாசர், பிரிவினை, தனிமை

1958 பிப்ரவரியில் சிரியாவும் எகிப்தும் ஒன்றானபோது எகிப்தின் தலைவர் நாசர் வைத்த நிபந்தனை கட்சிக் கலைப்பு. ஹவ்ரானி அதை ஏற்றுத் துணைக் குடியரசுத் தலைவர்களில் ஒருவரானார். அந்த ஆண்டு செப்டம்பரில் 161ஆம் சட்டம் வந்தது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய பாசன நிலம் 80 ஹெக்டேர், மானாவாரி நிலம் 300 ஹெக்டேர் என்று வரம்பிட்டது. அதைச் செயல்படுத்தும் அமைச்சு முஸ்தபா ஹம்தூனிடம் வந்தது. கட்சி இல்லாத நேரத்தில் கட்சியின் கனவு சட்டமானது. 1959 டிசம்பரில் ஹவ்ரானியும் ஹம்தூனும் ஹமாக்காரரான அப்துல் கனி கன்னூத்தும் பதவி விலகினார்கள். அதே ஆண்டுகளில் கடும் வறட்சியும் வந்து சேர்ந்தது. நிலம் கிடைத்தவருக்கும் விளைச்சல் கிடைக்கவில்லை.

1961 செப்டம்பர் 28 அன்று சிரியா பிரிந்தது. பிரிவினையை ஆதரித்த அறிக்கையில் ஹவ்ரானியும் பித்தாரும் கையெழுத்திட்டார்கள். பித்தார் பின்னர் தன் கையெழுத்தைத் திரும்பப் பெற்றார், ஹவ்ரானி பெறவில்லை. அரபு ஒற்றுமையை வேதமாகக் கொண்ட தலைமுறைக்கு இது மன்னிக்க முடியாத குற்றம். 1962இல், மீண்டும் உருவான பாத் கட்சியிலிருந்து ஹவ்ரானியின் அணி பிரிந்தது. பழைய கட்சி அரபு சோசலிஸ்டுகள் இயக்கம் என்ற பெயரில் மீண்டும் எழுந்தது. அடுத்த ஆண்டே படைக்குழு ஆட்சிக்கு வந்தது.

நாசர் ஆதரவு எழுத்துகள் இந்தக் கையெழுத்தோடு கதையை முடித்துவிடுகின்றன. அது அவசரத் தீர்ப்பு. ஒற்றைக் கட்சி ஆட்சியையும் உளவுத்துறை ஆட்சியையும் உள்ளேயிருந்து இரண்டாண்டு பார்த்த ஒருவரின் எதிர்வினை அது என்ற வாதத்தையும் எடைபோட வேண்டும். அதே சமயம், பிரிவினை அரசு நிலச் சீர்திருத்தத்தைத் தளர்த்த முயன்றது. நிலப்பிரபுக்கள் மகிழ்ந்த ஒரு மாற்றத்துக்கு வாரக்குடிகளின் தலைவர் துணைநின்றது ஊர்களில் எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கும்? அவருக்கு ஆதரவான எழுத்துகளில் இதற்குத் தெளிவான விடை இல்லை.

முன்னணியில் ஓர் இருக்கை

1972 மார்ச்சில் ஹாஃபிஸ் அசாத் தேசிய முற்போக்கு முன்னணியை அமைத்தபோது பாத் கட்சியோடு நான்கு கட்சிகள் சேர்ந்தன: கம்யூனிஸ்ட் கட்சி, அரபு சோசலிச ஒன்றியம், சோசலிச ஒன்றியவாதிகள், அரபு சோசலிஸ்டுகள் இயக்கம். கடைசியாகச் சொன்னதன் தலைவர் அப்துல் கனி கன்னூத். ஹவ்ரானியோடு பதவி விலகிய அதே ஹமாக்காரர். ஹவ்ரானி நாடு கடந்த வாழ்வில் இருந்தார்.

படையிலும் மாணவரிடையிலும் கட்சி வேலை செய்யும் உரிமையை முன்னணியின் சாசனம் பாத் கட்சிக்கு மட்டும் கொடுத்தது. அரபு சோசலிஸ்டுகளுக்கு இந்த இரண்டு தடைகளும் மற்றக் கட்சிகளைவிட ஆழமாகப் பட்டிருக்க வேண்டும். ஏனெனில் அவர்கள் வளர்ந்ததே ஹமாவின் இளைஞர்களாலும் படைத் தொடர்பாலும்தான். 1973 அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு பாத் கட்சியைச் சமூகத்தையும் அரசையும் வழிநடத்தும் கட்சி என்றது. அதை ஏற்காமல் ஜமால் அதாசி தலைமையிலான சோசலிச ஒன்றிய அணி முன்னணியை விட்டு வெளியேறியது.

முன்னணிக் கட்சிகளை ஆய்வாளர் பலரும் துணைக்கோள் கட்சிகள் என்று ஒரே வரியில் முடிக்கிறார்கள். 250 இடங்கள் கொண்ட மக்கள் மன்றத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முன்னணிக்குப் போனது. அதில் மிகப் பெரும்பகுதி பாத் கட்சிக்கு. மீதிக் கட்சிகளுக்குச் சில இடங்கள் கிடைத்தன. வாக்காளர் முடிவு செய்யும் முன்பே பங்கீடு முடிந்துவிட்டிருந்தது. இந்த வருணனை சரியானதே. ஆனால் ஏன் சேர்ந்தார்கள் என்பதற்கு அது விடை தராது. பதவி ஆசை ஒரு காரணம். வெளியே இருந்தால் சிறை என்பது இன்னொரு காரணம். 1963 ஜூனில் நில உச்சவரம்பு மேலும் குறைக்கப்பட்டிருந்தது. அதனால் தங்கள் பழைய கோரிக்கையில் பெரும்பகுதியை இந்த ஆட்சி நிறைவேற்றிவிட்டது என்று சிலர் உண்மையாகவே நம்பியிருக்கலாம். அரபு சோசலிஸ்டுகளின் இயக்கம் பிளவுபட்டுக்கொண்டே போனது. ஒரு பகுதி முன்னணியில் இருந்தது. இன்னொரு பகுதி 1980ஐ ஒட்டி உருவான எதிர்க்கட்சிகளின் தேசிய ஜனநாயகக் கூட்டில் சேர்ந்தது. 1982இல் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பு உள்ளிட்டோர் வெளிநாட்டில் அமைத்த கூட்டணியில் ஹவ்ரானி பெயரும் இணைந்தது. ஒரே சிறிய வேரிலிருந்து வந்தவர்கள் மூன்று திசைகளில் நின்றார்கள்.

வர்க்கமா, சமயமா?

1970களின் இறுதியிலிருந்து மேலோங்கிய ஒரு விளக்கம், சிரிய அரசியலைச் சமயப் பிரிவு, வட்டாரம், குலம் ஆகியவற்றால் படிப்பது. நிக்கோலஸ் வான் டாம் 1979இல் வெளியிட்ட நூல் அதன் முதன்மையான எடுத்துக்காட்டு. படை அதிகாரிகளின் பின்னணியை ஒவ்வொருவராக ஆராய்ந்ததால் அதன் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. அதன்படி பார்த்தால், சுன்னி நிலப்பிரபுக்களுக்கு எதிராக அலவி, இஸ்மாயிலி, கிறித்தவச் சிற்றூர்கள் எழுந்த வரலாற்றின் ஒரு முன்னுரையாக அரபு சோசலிசக் கட்சி சுருங்குகிறது.

ஹமாவின் சுற்றுப்புறம் இந்த வாசிப்புக்கு முழுதும் பணியவில்லை. மேற்கே அலவி ஊர்கள், சலமிய்யாவிலும் மஸ்யாஃபிலும் இஸ்மாயிலிகள், மஹர்தாவில் கிறித்தவர்கள். இவற்றோடு சுன்னி உழவர் ஊர்களும் உண்டு. ஹவ்ரானி சுன்னி. செல்வம் தேய்ந்த நகரத்துக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பின்னால் வந்தவர்களை இணைத்தது களத்தில் மிஞ்சிய காற்பங்கு. ரேமண்ட் ஹின்னபுஷ், பத்தாத்து போன்ற ஆய்வாளர்கள் நிலத்தையும் ஊரக நடுத்தட்டையும் முன்னே வைப்பதற்கு இத்தகைய சான்றுகளே அடிப்படை.

ஆனாலும் இரண்டையும் முற்றாகப் பிரிக்க முடியாது. நிலப்பிரபு ஒரு சமயப் பிரிவு, வாரக்குடி வேறொரு பிரிவு என்று அமைந்த ஊரில் வாரத்தின் மீதான கோபம் எளிதில் இன்னொரு நிறம் கொள்ளும். 1964இலும் 1982இலும் ஹமா நகரம் ஆட்சிக்கு எதிராக எழுந்தது. 1982 பிப்ரவரியில் படை நகரத்தைச் சிதைத்தது. கொல்லப்பட்டோர் பற்றிய மதிப்பீடுகள் 10,000 முதல் 40,000 வரை வேறுபடுகின்றன. ஆற்றங்கரையில் இருந்த கைலானி குடியிருப்பு தரைமட்டமானது. நிலப்பிரபுக் குடும்பம் ஒன்றின் பெயரைத் தாங்கிய பகுதி அது. அங்கே செத்தவர்கள் பெரும்பாலும் சாதாரண நகரத்து மக்கள். 1950களின் ஊர்–நகரப் பகையின் தொடர்ச்சியாக இதைப் படிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. அந்தக் கோட்டை நேராக இழுப்பது அபாயம். வாரக்குடி கேட்டது தானியத்தில் நியாயமான பங்கு. முப்பது ஆண்டு கழித்து ஓர் அரசு தன் அதிகாரத்தைக் காக்கச் செய்த படுகொலைக்கு அந்தக் கோரிக்கையைப் பொறுப்பாக்க எந்தச் சான்றும் இல்லை.

தீராமல் இருப்பவை

இதுவரை கிடைத்த சான்றுகளை வைத்து ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது இது: அரபு சோசலிசக் கட்சி தலைவர் ஒருவரைப் பெரிதும் நம்பிய கட்சிதான், ஆனாலும் உழவர் இயக்கமாகவும் இருந்தது. பாத் கட்சியின் தேர்தல் வலிமைக்கு அது தந்த பங்கு, கட்சி வரலாறுகள் ஒப்புக்கொள்வதைவிடப் பெரிது. படை ஆட்சிக்கு அது பாதை அமைத்தது என்பது பாதி உண்மை. அன்றைய சிரியாவில் பெரும்பாலான கட்சிகள் அதே பாதையில் கல் பரப்பின.

உறுதியாகச் சொல்ல முடியாதவை இன்னும் அதிகம். ஊர்க்கிளைகளின் உள்வாழ்வு, பெண்களின் பங்கு, 1961 கையெழுத்தை உழவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது, முன்னணிக்குள் போனவர்களின் உண்மையான எண்ணம் ஆகியவை அந்தப் பட்டியலில் வரும். நம்மிடம் உள்ள சான்றுகள் மேலிருந்து எழுதப்பட்டவை: தூதரகக் குறிப்புகள், கட்சி ஆவணங்கள், தலைவர்களின் நினைவுக்குறிப்புகள். ஹவ்ரானியின் நினைவுக்குறிப்புகளே நான்கு தொகுதிகள். 1996இல் அவர் அம்மானில் இறந்து நான்காண்டு கழித்து, 2000இல், கெய்ரோவில் அவை அச்சாயின. தகவல் நிறைந்தவை. ஆனால் நாடு கடந்திருந்த தலைவர் தன் தரப்பைச் சொல்லும் நூல் அது என்ற கவனத்தோடுதான் படிக்க வேண்டும்.

2024 டிசம்பர் 8 அன்று அசாத் ஆட்சி வீழ்ந்தது. 2025 ஜனவரி 29 அன்று புதிய அதிகாரத்தார் பாத் கட்சியையும் முன்னணிக் கட்சிகளையும் கலைத்ததாக அறிவித்தார்கள். அரை நூற்றாண்டாகத் திறக்க முடியாமல் இருந்த ஆவண அறைகள் திறக்கப்படலாம், அழிந்தும் போகலாம். ஊர்க்கிளைப் பதிவேடும் சங்கக் கணக்கும் எங்காவது மிஞ்சியிருந்தால் அவற்றைக் காப்பது முதல் வேலை. அதைவிட அவசரமானது ஒன்று. 1951இல் அலெப்போ மாநாட்டுக்குத் தந்தையின் தோளேறிப் போன குழந்தை இருந்தால், இன்று எண்பதை நெருங்கியிருக்கும். ஹமாவின் ஊர்களில் அத்தகையோர் இன்னும் இருக்கலாம். வரலாற்றாசிரியர்கள் அவர்களிடம் இப்போதே போய்க் கேட்க வேண்டும்.